ஒன்பது பி, இருபத்தேழு

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்த நாளிலிருந்து அவள் 'அரையிஞ்ச் அக்கா'தான். யார் எந்தத் துணியை வெட்ட எடுத்தாலும், "ஓரத்துல அரை இஞ்ச் கூட விடுங்க, பின்னால தேவைப்படும்" என்று குறுக்கே விழுவாள். மாப்பிள்ளைச் சட்டையானாலும் சரி, தலையணை உறையானாலும் சரி. தலையணை எப்போதம்மா பெருக்கும் என்று கேட்டவருக்கும் அரை இஞ்ச் விட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள். எதையும் இறுக்கித் தைத்துவிடக் கூடாது என்பது அவள் கொள்கை. பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களிடம் அந்தக் கொள்கை கிடையாது என்பது அவளுக்கு முப்பத்தொன்பது வயதில்தான் தெரிய வந்தது.

தெரியவைத்த புண்ணியம் அவள் கணவனுடைய கம்பெனிக்கு. அவன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு வியாழக்கிழமை அவனைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை முதல் வேறு ஊரில் வேலை என்றார்கள். பள்ளிகள் திறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மகள் ஒன்பதாவது படிக்கிறாள் என்று அவன் தலையைச் சொறிந்துகொண்டே சொல்லிப் பார்த்தான். "ஏன், அங்கெல்லாம் பள்ளிக்கூடமே கட்டலையா?" என்று கேட்டாராம் மேலாளர். கட்டியிருந்தார்கள். நன்றாகவே கட்டியிருந்தார்கள். இடம் மட்டும்தான் இல்லை.

புது ஊரில் அவர்களுக்குக் கிடைத்த வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஊரிலுள்ள லிஃப்ட்டையெல்லாம் ஓடவைக்கும் மனிதன் மாலையில் அறுபத்து நான்கு படி ஏறி மூச்சு வாங்க வந்து சேர்வான். இரண்டு அறை, ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே, சாலையைத் தாண்டினால் அரசு உயர்நிலைப் பள்ளி. மணி அடித்தால் வீட்டுப் பாத்திரத்தில் கேட்கும். "பார்த்தியா, நம்ம பொண்ணு தூங்கி எழுந்து அப்படியே போய் உட்கார்ந்துடலாம்" என்று வீடு பார்த்த அன்று அவன் பெருமையடித்துக்கொண்டான். பாவம், மனிதனுக்கு வாய் கொஞ்சம் முந்திக்கொண்டது.

பள்ளி அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா இருந்தார். எதிரில் வருகிறவரைக் கண்ணாலேயே அளந்துவிடுவது அரையிஞ்ச் அக்காவின் வழக்கம். கழுத்து பதினாறு, இடுப்பு நாற்பத்திரண்டு. மனசு எவ்வளவு என்று மட்டும் தட்டுப்படவில்லை.

"ஒன்பதாவதுல ஏ, பி ரெண்டே பிரிவு. ஏ-ல நாற்பது பேர், பி-ல நாற்பது பேர். முடிஞ்சுது" என்றார் குமாஸ்தா.

"நாற்பத்தொண்ணுன்னு ஒரு ஓரமா உட்கார்ந்துப்பா சார். ஒல்லியான பொண்ணுதான்."

"ஓரமும் நிரம்பிடுச்சும்மா."

"அப்ப என்னதான் பண்றது?"

"காத்திருப்போர் பட்டியல்ல எழுதிக்கறேன். ஆறாவது நம்பர். யாராவது போனாத்தான் இடம்."

சரி, இடமில்லை என்றால் இல்லை என்றாவது எழுதிக் கொடுப்பார்களா என்று கேட்டாள். அங்கேதான் வேடிக்கை ஆரம்பமாயிற்று. பள்ளி 'இடமில்லை' என்று எழுதிக் கொடுத்தால்தான் கல்வி அலுவலகம் வேறு பள்ளியை ஒதுக்கும். கல்வி அலுவலகம் எழுத்து மூலம் கேட்டால்தான் பள்ளி 'இடமில்லை' என்று எழுதிக் கொடுக்கும். கணவன் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு இங்கேயும் அங்கேயுமாக நான்கு முறை அலைந்தான். மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நடுவில் நின்றுபோவது என்றால் என்ன என்று அவனுக்குத் தொழில்முறையிலேயே தெரியும். "லிஃப்ட்டா இருந்தா இந்நேரம் ஒரு ஸ்க்ரூடிரைவர்ல முடிச்சிருப்பேன்" என்று படியில் உட்கார்ந்து புலம்பினான். போதாக்குறைக்குக் கல்வி அலுவலகத்தில் ஒரு குண்டையும் தூக்கிப் போட்டார்கள். பள்ளி திறந்த மூன்றாம் மாதக் கடைசிக்குள் எந்தப் பள்ளிப் பதிவேட்டிலும் பெயர் ஏறாத பிள்ளை அடுத்த வருடம் மறுபடி ஒன்பதாவதிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரு வருடம் போயே போச்சு.

மகள் இதையெல்லாம் கேட்டு அழுது தீர்த்திருந்தால்கூட அரையிஞ்ச் அக்கா தாங்கிக்கொண்டிருப்பாள். அவள் அழவில்லை. தினமும் காலையில் குளித்து, தலை பின்னி, பழைய பள்ளியின் கால அட்டவணையைச் சமையலறை மேஜையில் ஒட்டிவைத்து அதன்படி படித்தாள். எதிர்ப் பள்ளியில் மணி அடித்ததும் புத்தகத்தைத் திறப்பாள். மதிய மணி அடித்ததும் சாப்பிடுவாள். கடைசி மணிக்குப் பையை மூடிவைப்பாள். "இப்ப வருகை எடுத்துட்டிருப்பாங்கம்மா" என்று ஒன்பது மணிக்கு ஒருமுறை ஜன்னலைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தானும் எழுந்து நின்று "உள்ளேன் டீச்சர்" என்பாள். பதினாலு வயதுப் பெண் சமையலறையில் உட்கார்ந்து தனக்குத் தானே பள்ளிக்கூடம் நடத்திக்கொள்கிறாள்; பெற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

வந்த முதல் வாரமே அரையிஞ்ச் அக்கா ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். சாதாரணக் கடையல்ல, அந்தப் பள்ளிக்குச் சீருடை தைக்கும் ஒரே கடை. வேறு எங்கே தைத்தாலும் பள்ளி ஒப்புக்கொள்ளாது. சேர்க்கை நடக்கும் நாளில் கடைக்காரரே போய்ப் பிள்ளைகளை அளவெடுத்து வருவார். தைத்து முடித்த சீருடைகளைப் பொட்டலம் கட்டி, வகுப்பு, பிரிவு, எண் எழுதிய சீட்டைக் குத்தி வரிசையாகத் தொங்கவிடுவார்கள். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளிச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள், தன் பிள்ளைக்கு மட்டும் தைக்க வழியில்லாதவள். இதைச் சொல்லிச் சிரிக்கக்கூட அவளுக்கு அங்கே ஆள் கிடையாது.

பொட்டலங்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. ஒன்று மட்டும் போகவில்லை. அவள் தலைக்கு நேர் மேலே ஆணியில் தொங்கி, மின்விசிறி வேகமாகச் சுற்றினால் உச்சந்தலையில் வந்து தட்டும். '9 பி - 27' என்று சீட்டு. ஏழு வாரம் அதைக் கையால் ஒதுக்கி ஒதுக்கிவிட்டு வேலை செய்தாள். ஏழு வாரம்! தலையில் தட்டித் தட்டிச் சொன்ன விஷயம் அவள் மண்டையில் ஏறவில்லை. துணியைப் பார்த்தால் தையலை மட்டுமே பார்க்கிறவளுக்கு அப்படித்தான் ஆகும்.

ஒரு நாள் மதியம் கடைக்காரர் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அந்தப் பொட்டலத்தை இறக்கிச் சீட்டின் பின்பக்கம் குறித்திருந்த ஃபோன் எண்ணைக் கூப்பிட்டார். பேசி முடித்து உதட்டைப் பிதுக்கினார்.

"அட்மிஷன் போட்ட மூணாம் நாளே அவங்க ஊரைக் காலி பண்ணிட்டாங்களாம் அக்கா. பொண்ணு வேற ஊர்ல படிக்குதாம். ஸ்கூல் ஆபீஸ்ல ஃபோன் பண்ணிச் சொல்லிட்டாங்களாம். துணியை யாருக்காவது கொடுத்துடுங்கன்றாங்க."

அரையிஞ்ச் அக்காவின் கால் மெஷின் மிதியிலேயே நின்றுபோயிற்று. ஒன்பது பி. அப்படியென்றால் நாற்பது இல்லை, முப்பத்தொன்பது. கத்தரிக்கோலைப் போட்டது போட்டபடி எழுந்து பள்ளிக்கு ஓடினாள்.

குமாஸ்தா மூச்சு வாங்க நின்றவளை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு, இருபத்தேழா? தினமும் வருதேம்மா."

"இல்ல சார். அவங்க ஊரைவிட்டே போயிட்டாங்க. இப்பத்தான் ஃபோன்ல பேசினாங்க."

"ஃபோன்ல ஆயிரம் பேர் ஆயிரம் சொல்வாங்க. எங்களுக்குப் பதிவேடுதான் கணக்கு. வெளிய போர்டுல பாருங்க."

போய்ப் பார்த்தாள். 'ஒரு நாளும் தவறாமல் வந்த மாணவியர்' என்று அழகான எழுத்தில் தலைப்பு, கீழே வகுப்பும் எண்ணும். முதல் மாதத்தில் ஒன்பது பி, இருபத்தேழு இருந்தது. இரண்டாவது மாதத்திலும் இருந்தது. வகுப்பறை வாசலையே மிதிக்காத பெண் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. தவறாமல் வந்து படிக்கத் துடிக்கும் தன் பெண்ணோ எதிர் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறாள். போர்டின் முன்னால் நின்ற அரையிஞ்ச் அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

கணவன் அதைக் கேட்டுக் குதித்தான். "எழுதிப் போடு! மேலிடத்துக்கு எழுதிப் போடு! வராத பொண்ணுக்கு வருகை போட்ட அந்த டீச்சரோட சீட்டைக் கிழிச்சுடலாம்!"

"கிழிச்சு என்னங்க பண்றது? நாளைக்கு நம்ம பொண்ணு அந்த டீச்சர்கிட்டத்தானே போய் உட்காரணும்? விசாரணைன்னு ஆரம்பிச்சா மாசக் கடைசி தாண்டிடும்."

"அப்ப?"

"கிழிக்க வேணாம். தையலைப் பிரிச்சாப் போதும்."

மறுநாள் காலை அந்தப் பொட்டலத்தைத் தூசி தட்டி, புது நூலால் கட்டி எடுத்துக்கொண்டு தலைமையாசிரியையின் அறைக்குப் போனாள். பள்ளிக் கேட்டில் தலைமையாசிரியை கையெழுத்தோடு ஒரு பலகை தொங்கும்: 'சீருடையின்றி வருவோர் உள்ளே அனுமதிக்கப்பட மாட்டார்கள்.' அதை ஒரு முறைக்கு இரு முறை படித்துக்கொண்டாள். அறைக்குள் அலமாரி மேல் ஒரு பெரிய வெள்ளிக் கோப்பை பளபளத்தது. வட்டாரத்திலேயே அதிக வருகை காட்டிய பள்ளி என்று கல்வி அலுவலகம் கொடுத்த சுழற்கோப்பை.

"மேடம், எங்க கடை மேல தப்பு. மன்னிக்கணும்."

தலைமையாசிரியை நிமிர்ந்தார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வருகிறவர்களை அவருக்குப் பிடிக்கும்.

"என்ன தப்பு?"

"ஒன்பது பி-ல இருபத்தேழாம் நம்பர் பொண்ணுக்கு நாங்க இன்னும் யூனிஃபார்மே கொடுக்கல மேடம். பாவம், ஒரு நாள்கூட லீவு போடாம வருதாம், போர்டுல பார்த்தேன். இத்தனை நாளா எந்தத் துணியில வருதோ, மனசே கேக்கல. அதான் நேர்ல கொடுத்துட்டுப் போலாம்னு."

தலைமையாசிரியையின் முகம் சிவந்தது. "யூனிஃபார்ம் இல்லாமலா? என் ஸ்கூல்லயா? ரெண்டு மாசமாவா?" மணியை ஓங்கி அடித்தார். ஒன்பது பி வகுப்பாசிரியை பதிவேட்டோடு உடனே வரவேண்டும். கூடவே அந்த இருபத்தேழும் வரவேண்டும்.

ஆசிரியை தனியாக வந்தார். பதிவேட்டை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"பொண்ணு எங்க?"

"வந்து... மேடம்..."

"இன்னைக்கு வந்திருக்காளா இல்லையா?"

ஆசிரியை பதிவேட்டைத் திறந்து பார்த்தார். அவர் கையால் போட்ட டிக் அங்கே இருந்தது. "வந்திருக்கா" என்றார், யாருக்கும் கேட்காத குரலில்.

"அப்ப கூப்பிடுங்க."

அரையிஞ்ச் அக்கா இந்த நேரத்துக்காகத்தான் வந்திருந்தாள். ஆனால் வேண்டாத ஒன்றும் கண்ணில் பட்டுத் தொலைத்தது. ஆசிரியையின் தோளில் பிரிந்த தையலை அவரே கையால் தைத்திருந்தார், நீலத்துக்குக் கறுப்பு நூல் போட்டு, அவசர அவசரமாக. நாற்பது பிள்ளை, நாற்பது நோட்டு, வீட்டில் எத்தனை பேரோ. ஆத்திரம் பாதி வடிந்து இரக்கமாகிவிட்டது. அரை இஞ்ச் விட்டே பழகிய வாய் சும்மா இருக்குமா?

"பாத்ரூம் போயிருக்குமோ என்னமோ மேடம்" என்றாள்.

ஆசிரியை உடைந்துவிட்டார். "முதல் நாள்லேர்ந்தே வரல மேடம். மூணு நாள் வரலைன்னா வீட்டுக்குப் போய், மூணு காப்பி ஃபார்ம்ல பெத்தவங்க கையெழுத்து வாங்கணும்னு ரூல். ரெண்டு தடவை போனேன். வீடு பூட்டிக் கிடந்துச்சு. கையெழுத்து இல்லாத ஃபார்மை ஆபீஸ்ல திருப்பிக் கொடுத்துட்டாங்க. அப்புறம்... டிக் போடறது சுலபமா இருந்துச்சு."

தலைமையாசிரியை ஆசிரியையைப் பார்த்தார். பிறகு அலமாரி மேலிருந்த கோப்பையைப் பார்த்தார். அதைக் கையில் வாங்கிக்கொண்டு எடுத்த படம் கல்வி அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"நீங்க கடைக்காரங்க மட்டும்தானா, இல்ல வேற ஏதாவது வேணுமா?" என்று கேட்டார். புத்திசாலி. சும்மாவா தலைமையாசிரியை ஆனார்?

"எங்க பொண்ணு ஒன்பதாவது மேடம். காத்திருப்போர் பட்டியல்ல ஆறாவதா இருக்கா. முன்னால அஞ்சு பேர் இருக்காங்க. அவங்களைத் தாண்டி வேணாம். அவங்களைக் கேட்டுட்டு மீதி இருந்தாக் கொடுங்க."

குமாஸ்தா வரவழைக்கப்பட்டார். இரண்டு மாதமாக அந்தப் பட்டியலைக் கண்ணும் கருத்துமாகக் காத்தவர் அவர், அதாவது, பூட்டிவைத்திருந்தார். ஐந்து பேருக்கும் எல்லார் முன்னாலும் ஃபோன் போட்டார். நான்கு பேர் பள்ளி திறந்த மாதமே வேறு பள்ளிகளில் சேர்ந்திருந்தார்கள். ஐந்தாமவர், "எந்த ஸ்கூல் சார் அது?" என்று கேட்டார். அரையிஞ்ச் அக்கா ஒரு பெருமூச்சு விட்டாள். ஆறு பேர் நின்றதாகச் சொன்ன வரிசையில் இத்தனை நாளும் நின்றது அவள் மகள் ஒருத்திதான்.

"அப்ப இருபத்தேழை நீக்கிட்டு, அந்த ரெண்டு மாச வருகையை அடிச்சுட்டு..." என்று குமாஸ்தா பேனாவைத் திறந்தார்.

"எதுக்கு அடிக்கணும்? பதிவேட்டுல அடித்தல் திருத்தல் கூடாதுன்னு நான்தானே சர்க்குலர் போட்டேன்?" என்றார் தலைமையாசிரியை. "இருபத்தேழு இருபத்தேழாவே இருக்கட்டும். விவரத்துல மட்டும் சின்னத் திருத்தம்."

சின்னத் திருத்தம்தான். பெண்ணின் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி ஆகிய ஐந்து மட்டும் மாறின. மற்றபடி எல்லாம் அப்படியே இருந்தன. பதிவேட்டில் பெயர் ஏறிய நிமிடத்திலேயே அவள் மகள் இரண்டு மாதம் ஒரு நாளும் தவறாமல் வந்த மாணவி ஆனாள். இது சரியில்லை என்று அரையிஞ்ச் அக்காவுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் இடம் போய்விடும் என்பதும் தெரியும். திறக்கவில்லை. அந்தக் குற்றவுணர்வைப் பொட்டலத்தோடு சேர்த்து வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

அன்று மாலை அந்தச் சீருடையைப் பிரித்தாள். ஊரைவிட்டுப் போன பெண் கொஞ்சம் குட்டையானவள் போலிருக்கிறது. தைத்தவர் கஞ்சன், ஓரத்தில் ஒரு நூல் மிச்சம் விடவில்லை. கீழே ஒட்டுத்துணி கொடுத்து, இடுப்பைப் பிடித்து, மறுபடி தைத்தாள். மகள் பக்கத்திலேயே நின்றாள். "நிஜமாவாம்மா? நிஜமாவே நாளைக்கா?" என்று நான்கு முறை கேட்டாள். நான்கு முறையும் "ஆமாம் கண்ணு" என்றாள் அம்மா.

மறுநாள் காலை மகளை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். சட்டைப்பைச் சின்னத்தைச் சரியாகத் தைத்தோமா என்று பார்க்க வேண்டும் என்று தனக்குத் தானே ஒரு பொய் சொல்லிக்கொண்டு வகுப்பு ஜன்னலோரம் ஒதுங்கி நின்றாள். ஆசிரியை தலை நிமிராமல் வருகை எடுத்தார்.

"இருபத்தஞ்சு."

"உள்ளேன் டீச்சர்."

"இருபத்தாறு."

"உள்ளேன் டீச்சர்."

பேனா பழக்கத்தில் ஒரு டிக் போட்டது. "இருபத்தெட்டு."

"உள்ளேன் டீச்சர்" என்று இருபத்தெட்டு சொல்லி உட்கார்ந்த பிறகும் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"டீச்சர், இருபத்தேழு. உள்ளேன்."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஆசிரியையின் பேனா நின்றது. "உட்காரும்மா" என்றார், தலையைத் தூக்காமலே. "உனக்கு ஏற்கனவே போட்டாச்சு."

மகள் உட்காரவில்லை. மரியாதைக் குறைவாக ஒன்றும் சொல்லவில்லை. ஏழு வாரம் சமையலறையில் வருகை சொல்லிப் பழகியவள், அவ்வளவுதான்.

"நான் இன்னைக்குத்தான் டீச்சர் வந்தேன்."

ஆசிரியை இப்போது நிமிர்ந்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே நின்ற அம்மாவையும் பார்த்தார். முகம் கன்றிப்போயிற்று. பிறகு பதிவேட்டைக் கிட்டே இழுத்து, "இருபத்தேழு" என்று சத்தமாகக் கூப்பிட்டார்.

"உள்ளேன் டீச்சர்!"

ஏற்கனவே போட்ட டிக்கின் மேலேயே இன்னொரு டிக்கை அழுத்திப் போட்டார். வெளியே நின்ற அரையிஞ்ச் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்கு நடந்தாள்.